பதிப்பு மாற்றம் அஞ்சத்தக்கதோ?

இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தையைச் சித்தர் இரசவாதம் என்றனர். மேனாட்டார் ஆல்கெமி என்பர். அப்பெயர் தாங்கிய கருவியொன்று கணிப்பொறி உலகிலும் உண்டு. எஸ்க்யூஎல் ஆல்கெமி என்பது அதன் முழுப்பெயர். மைக் பேயர் என்னும் அமெரிக்க நிரலாளர் அதனை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூலநிரலை எவரும் காணலாம், எடுத்தாளலாம், திருத்தலாம் என்னும் உரிமையோடு விலையின்றி வழங்கப்படுவது அது. பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் பலர் அதனை நாடோறும் கையாளுகின்றனர். அதற்குத் துணையாக எழுந்த மற்றொரு கருவிக்கு அலெம்பிக் என்று பெயர். இரசவாதிகள் வடித்தெடுக்கப் பயன்படுத்திய வாலை என்பது அச்சொல்லின் பொருள். பெயரிட்டவர் நகைச்சுவை உணர்ந்தவர் போலும்.

இக்கருவியின் தொழில் யாதெனின், சுருங்கக் கூறுதும். தரவுத்தளம் என்பது அட்டவணைகளால் ஆயது. நூல்களுக்கோர் அட்டவணை, ஆசிரியர்களுக்கோர் அட்டவணை, இரவல் பெற்றோர்க்கோர் அட்டவணை என அது விரியும். நிரல் எழுதுவோனோ அட்டவணையை நினைந்து எழுத விரும்புவதில்லை; ‘நூல்’ என்னும் ஒரு பொருளையும், அந்நூலுக்குரிய ‘ஆசிரியர்’ என்னும் பண்பையும் கருதியே எழுத விழைகின்றான். அட்டவணையின் மொழி எஸ்க்யூஎல். நிரலின் மொழி பைத்தான். இவ்விரண்டற்கும் இடையே நின்று, அட்டவணையின் நிரையைப் பொருளாகவும், பொருளை மீண்டும் நிரையாகவும் மாற்றியுரைக்கும் துபாஷியே ஆல்கெமி.

இத்துபாஷி 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் தன் பேச்சு முறையைப் பெரிதும் மாற்றிக்கொண்டது. அன்று வெளிவந்ததே 2.0 என்னும் பெரும் பதிப்பு. புள்ளிக்கு முன்னுள்ள எண் மாறுமாயின், பழைய நிரல் திருத்தமின்றி ஓடும் என்னும் உறுதி இல்லை என்பது இத்துறையோர் வழக்கு. அவ்வாறே ஓடாது நின்ற நிரல்கள் பல. ‘ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்ற வேண்டும்?’ என்று வினவினோரும் பலர். யாமும் அவ்வாறு வினவினோம், சினந்தும் பேசினோம். இன்று, அம்மாற்றம் தக்கதே என்பது எம் கருத்து. அக்கருத்திற்கு யாம் எளிதில் வந்திலேம்; ஓர் இழப்பின் வழியாகவே வந்தோம்.

எம் விடுதியில் ஒரு சிறு வாசகசாலை உண்டு. அதன் நூற்பட்டியலை எமக்கு மூத்த மாணவர் சிலர் ஆல்கெமியின் பழைய பதிப்பைக்கொண்டு அமைத்துவிட்டுப் பட்டம் பெற்றுச் சென்றனர். சென்ற ஆண்டு பழைய கணிப்பொறி உயிர் விட்டது, புதியதொன்று வந்தது. பட்டியலின் நகல் பத்திரமாக இருந்தமையின் யாம் அஞ்சவில்லை. நிரலைப் புதுப்பொறியில் ஏற்றுங்கால், அதற்கு வேண்டிய துணைத்தொகுப்புக்களின் பெயர்கள் ஒரு கோப்பில் இருக்கக் கண்டோம். அங்கே ஆல்கெமி என்னும் பெயர் மட்டும் இருந்தது, பதிப்பெண் இல்லை. எண் குறியாது கேட்பவனுக்குக் கடைக்காரன் புதுச் சரக்கையே எடுத்துத் தருவான். 2.0 வந்து இறங்கிற்று.

நிரல் முதலடியிலேயே நின்றது. எஞ்சின் என்பதற்கு எக்ஸிக்யூட் என்னும் வினை இல்லை என்று கூவிற்று. முன்னர் எஞ்சினை நோக்கி நேரே ‘இதனைச் செய்’ எனப் பணிக்கலாம், 2.0-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. ஆதலின் இணைப்பொன்றைத் திறந்து, அதனிடம் அவ்வினையை ஒப்படைத்தோம். அடுத்து, வெறும் எழுத்துச் சரத்தைக் கட்டளையாக ஏற்க இயலாது என்றது. டெக்ஸ்ட் என்னும் உறைக்குள் அச்சரத்தை இட்டோம். அதன்பின் ஒரு பிழையும் எழவில்லை. ஒரே மாலையில் பதிப்பு மாற்றம் முடிந்ததெனக் களித்துத் தேநீர் அருந்தப் போனோம்.

அவ்வாரந்தான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் நூல்களை வாசகசாலைக்கு அளித்திருந்தார்; மூன்று பெட்டிகள். இருவர் எடுத்துப் படிக்க, ஒருவர் தட்டச்சிட, மூன்று இரவு அமர்ந்து அவற்றைப் பட்டியலில் ஏற்றினோம். ஒவ்வொரு நூலுக்கும் ‘பதிவாயிற்று’ என்னும் சொல் திரையில் தோன்றிற்று. ஏறிய நூல்களுள் சிதைந்தவற்றைப் புத்தகக் கட்டடம் செய்வோரிடம் உடனுக்குடன் அனுப்பியும் விட்டோம். நான்காம் நாள் அவ்வாசிரியரே நேரில் வந்து, பட்டியலைக் காண விழைந்தார். திறந்து காட்டினோம். அவர் நூல்களுள் ஒன்றேனும் அதில் இல்லை. கட்டடக்காரரிடம் சென்றவை எவை என்பதும் எமக்கு நினைவில்லை. ‘நூல்கள் இருக்கின்றன அல்லவா, பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று அப்பெரியார் எமக்கு ஆறுதல் கூறினார். அவ்வாறுதலே எம்மை மிகவும் வருத்திற்று.

நிகழ்ந்தது இதுவே. தரவுத்தளத்தில் ஒரு நிரையைச் சேர்த்தல் இரு படிகளை உடையது. ‘சேர்’ என்று பணித்தல் ஒன்று; ‘இதனை நிலைப்படுத்து’ என்று உறுதி சொல்லுதல் மற்றொன்று. இவ்வுறுதிமொழியைக் கமிட் என்பர். கமிட் சொல்லாமல் இணைப்பு மூடப்பட்டால், சேர்த்தது சேர்க்கப்படாததாகவே திரும்பிப் போம். பழைய ஆல்கெமி, நாம் கமிட் சொல்லாவிடினும் தானே சொல்லிக்கொண்டது. 2.0 அவ்வழக்கத்தை விட்டது. யாம் எக்ஸிக்யூட் என்பதை இடம் மாற்றினோமேயன்றிக் கமிட் சொன்னோமில்லை. ‘பதிவாயிற்று’ என்று திரையில் எழுதியது எம் நிரலே, ஆல்கெமி அன்று.

அவ்விரவு எம்முள் எழுந்த வாதம் பெரிது. ‘தானே கமிட் சொல்லிக்கொண்ட அருமையான வசதியைப் பறித்தவர் யாவர்?’ என்றார் நண்பர் ஒருவர். யாமும் உடன்பட்டோம். ஆயினும், அப்பழைய வசதி எவ்வாறு இயங்கிற்று என ஆராயப் புகுந்தபோது எம் சினம் தணியத் தொடங்கிற்று. நாம் தந்த கட்டளையின் தொடக்கத்தில் இன்சர்ட், அப்டேட், டெலீட், கிரியேட் முதலிய சொற்களுள் ஒன்று உளதா என்று பழைய ஆல்கெமி எழுத்துக்களைத் துழாவிப் பார்க்கும். உண்டாயின், ‘இவன் எதையோ மாற்றுகின்றான், கமிட் வேண்டும்’ எனத் துணியும். செலக்ட் என்று தொடங்கினால், ‘இவன் படிக்கின்றான்’ என வாளா இருக்கும். ஆனால் செலக்ட் என்னும் சொல்லால் தொடங்கி, தரவுத்தளத்தின் உள்ளே வைத்த ஒரு செயற்கூற்றை அழைத்து, அச்செயற்கூற்றின் வாயிலாக நிரைகளை மாற்றும் கட்டளைகளும் உள. அவற்றைத் துபாஷி அறியாது. தனிக்குறிப்பு ஒன்றை நாமே சேர்த்தாலன்றி அம்மாற்றம் நில்லாது. அஃதாவது, யாம் வசதி என்று போற்றியது ஓர் ஊகமே. பெரும்பாலும் பலித்த ஊகம் என்பதே அதன் தீமை. பலிக்காத ஊகத்தை எவனும் நம்பான்.

இன்னுமொன்று. பைத்தானிலிருந்து தரவுத்தளங்களை அணுகும் முறையை வரையறுக்கும் ஆவணம் ஒன்று உண்டு. அம்மொழியின் முன்மொழிவுகளுள் 249-ஆவது. தானாக உறுதி செய்யும் இயல்பு தரவுத்தளத்தில் இருப்பினும், தொடக்கத்தில் அது அணைந்தே இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பழைய ஆல்கெமி அவ்விதியின்மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தது. 2.0 செய்தது அத்திரையை விலக்கியதேயாம்.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இதனைத் தொகையும் விரியும் கொண்டு விளக்கலாம். ‘பாற்குடம்’ என்ற அளவில் பாலையுடைய குடம் என விரித்துக்கொள்கின்றோம், இடர் இல்லை. ‘பொன்மணி’ என்றாலோ, பொன்னாலாகிய மணியோ, பொன்னும் மணியுமோ, பொன்னொடு சேர்ந்த மணியோ என ஐயுறுகின்றோம். உருபும் பயனும் தொக்கு நிற்கும்போது, சொல்பவன் உள்ளத்தைக் கேட்பவன் ஊகித்தே அறிய வேண்டும். உரையாசிரியன் ஊகிக்கலாம், அது அவன் புலமை. கணிப்பொறி ஊகித்தலாகாது. ஆல்கெமி 2.0-இன் மாற்றங்களிற் பலவற்றைத் தொகையை விரியாக்கிய மாற்றங்கள் என்றே யாம் காண்கின்றோம். எந்த இணைப்பின் வழி? விரித்துச் சொல். இவ்வெழுத்துச் சரம் கட்டளையா? டெக்ஸ்ட் என்று விரித்துச் சொல். நிலைப்படுத்தவா? கமிட் என்று விரித்துச் சொல். அல்லது பிகின் என்னும் வாயிலால் தொடங்கு. செயல் முற்றும் நிறைவேறின் இறுதியில் கமிட் தானே நிகழும், இடையிற் பிழை நேரின் அனைத்தும் திரும்பும். இதுவும் தானே நிகழ்வதன்றோ எனின், அன்று. இங்கே எல்லையை வகுத்தவன் எழுதுவோனே. துபாஷியின் ஊகம் இல்லை.

நிற்க. மாற்றம் தக்கதாயினும், மாற்றிய முறை தக்கதோ என்பது வேறு வினா. பைத்தான் மொழியின் வரலாறே இத்துறையோர்க்கு ஓர் எச்சரிக்கை. அதன் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டில் வந்தது. இரண்டாம் பதிப்பிற்குரிய ஆதரவு 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளே முடிந்தது. இடைப்பட்ட பதினோராண்டும் இரு கரைகளிலும் மக்கள் நின்று வருந்தினர். ஆல்கெமியின் ஆசிரியர் இதனை அறிந்தவர். அவர் 2.0-ஐத் திடுமெனத் தரவில்லை. 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் 1.4 என்னும் பதிப்பை முன்னே விடுத்தார். அதுவே பாலம். பழைய நடையும் புதிய நடையும் அதன்கண் ஒருங்கே செல்லும். ஒரு சூழல் மாறியை 1 என அமைத்து நிரலை ஓட்டினால், 2.0-இல் நீக்கப்படவுள்ள ஒவ்வொன்றையும் வரியெண்ணோடு சுட்டிக் காட்டும். தானாகக் கமிட் நிகழும் இடத்தையும், ‘இது 2.0-இல் இராது; பிகின் கொண்டு எழுதுக’ என்னும் பொருள்பட எச்சரிக்கும். யாம் இழந்த மூன்று இரவுகளையும் காத்திருக்கக்கூடிய வரி அது. பாலம் ஏறக்குறைய ஈராண்டு தனித்து நின்றது. யாம் பாலத்தை விட்டு ஆற்றில் குதித்தோம்.

ஆயினும் ஆசிரியர்பால் ஒரு குறையும் இல்லையென்று யாம் சொல்லோம். அவ்வெச்சரிக்கைகள் இயல்பாகவே அணைந்திருந்தன. சூழல் மாறியை அறிந்தவன் செவிக்கே அவை கேட்கும். அதனை அறிந்தவனோ பெரும்பாலும் ஆவணங்களைப் படிப்பவன். படிப்பவனுக்கு எச்சரிக்கை அத்துணை வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு சனவரியில் வந்த 1.4.46-ஆம் பதிப்பிலேதான், நீங்கவிருக்கும் நடையைக் கையாளும் எவனுக்கும் ஒருமுறையேனும் தோன்றும் பொது எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2.0 அதே திங்களில் வந்துவிட்டது. வாயிலில் வெள்ளம் வந்தபின் முரசறைந்தது போன்றதே அது. ஈராண்டு முன்னரே அம்முரசு ஒலித்திருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. கேட்க விரும்பாதாரின் செவியில் நாடோறும் முழங்கினால் அவர் வெறுப்பர் என்பது உண்மையே, வெறுத்தாலும் கேட்டிருப்பர்.

மற்றொரு குறை சொல்ல முற்பட்டுப் பின் பாதியை மீட்டுக்கொண்டோம். 2.0-இன் மாற்றங்களுள் பல, பழைய நிரலைக் கூவி நிறுத்துவன. கமிட் பற்றிய மாற்றமோ கூவாதது. எக்ஸிக்யூட் இல்லையெனில் நிரல் நிற்கும். கமிட் இல்லையெனில் நிரல் நகைமுகத்தோடு ஓடும், எழுதியது மட்டும் மறையும். கமிட் இன்றி மூடப்படும் இணைப்பைக் கண்டு ஆல்கெமி எச்சரித்தாலென்ன என்று கேட்டோம். சிந்தித்துப் பார்க்கின், இக்கட்டளை எதையேனும் மாற்றிற்றா என்பதை அறிய, விட்டொழித்த அதே ஊகத்திற்கே மீள வேண்டும். மேலும் வேண்டுமென்றே கமிட் சொல்லாது திரும்புவோரும் உளர். சோதனை நிரல்கள் பல அவ்வாறே செய்வன. ஆதலின் அக்குறையை முழுதும் வலியுறுத்த எம்மால் இயலவில்லை. எஞ்சினை அமைக்கும்போது எக்கோ என்னும் குறிப்பை இட்டிருந்தால், ஒவ்வொரு நூலை ஏற்றியபின்னும் ரோல்பேக் என்னும் சொல் திரையில் ஓடியிருக்கும். மூன்று இரவும் துபாஷி உண்மையைச் சொல்ல ஆயத்தமாகவே இருந்தது. யாம்தான் அதன் வாயைத் திறக்கவில்லை.

‘1.4-இலேயே நின்றுவிட்டால் என்ன? பதிப்பெண்ணைக் கோப்பில் எழுதிப் பூட்டிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லையே’ என்பது நண்பரின் இறுதி வாதம். பதிப்பெண்ணை எழுதிவைத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எம் மூத்தோர் அதைச் செய்திருப்பின் இக்கட்டுரையே எழுந்திராது. ஆனால் தாழ்ப்பாள் வேறு, சுவர் வேறு. தாழ்ப்பாள் யாம் விரும்புங்கால் திறப்பதற்கு. ஆல்கெமி தனித்து வாழ்வதன்று. அதனை அண்டிப் பிற தொகுப்புக்கள் உள. அட்டவணைகளை ஆராய்வோர் கையாளும் பாண்டாஸ் என்னும் தொகுப்பு, 2024-ஆம் ஆண்டு சனவரியில் வந்த தன் 2.2-ஆம் பதிப்பு முதல், ஆல்கெமியோடு இயங்க 2.0-ஐயேனும் கேட்கின்றது. பூட்டிக்கொண்டு இருப்பவன் ஒன்றைப் பூட்டியதாக நினைக்கின்றான். நாளடைவில் அதனைச் சார்ந்த யாவும் பூட்டுக்குள் அடங்குகின்றன. பின் ஒருநாள் எம்முடையது போன்ற பழம்பொறி உயிர்விடும். அன்று பல தொகுப்புக்களின் பெரும் பதிப்புக்களையும் ஒரே மாலையில் தாண்ட நேரும்.

ஆகவே யாம் திரும்பி நடந்தோம். 2.0-ஐ நீக்கி 1.4-ஐ இட்டோம், சூழல் மாறியை அமைத்தோம், நிரலின் ஒவ்வொரு செயலையும் ஒருமுறையேனும் ஓட்டினோம். முதல் நாள் எச்சரிக்கைகள் திரை நிறைய வந்தன. செலக்ட் என்பதனுள் பெயர்களைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக இடும் பழைய நடை, வெறுஞ்சரக் கட்டளை, எஞ்சினை நேரே பணித்தல், தானே கமிட் ஆதல் என வகை சிலவே, இடங்கள் பல. ஒருவகையை முற்றும் தீர்த்த பின்னரே அடுத்ததைத் தொட்டோம். எச்சரிக்கை யாவும் ஓய்ந்தபின், எஞ்சினில் பியூச்சர் என்னும் குறிப்பை இட்டு, 1.4-இலேயே புதிய நடையில் சில நாள் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு நிரையைச் சேர்த்த பின்னும், வேறோர் இணைப்பைத் திறந்து அது உண்மையில் உளதா என்று வினவும் சிறு சோதனையொன்றையும் எழுதிக்கொண்டோம். ‘பதிவாயிற்று’ என்னும் சொல்லை இப்பொழுது அச்சோதனையே எழுதுகின்றது. அதன்பின் 2.0-ஐ ஏற்றிய அன்று நிகழ்ந்தது ஒன்றுமில்லை.

க்வெரி என்னும் பழைய வினவுமுறையை ஆசிரியர் 2.0-இலும் நீக்கவில்லை, பழமை என்று முத்திரையிட்டு வாழவிட்டார். அம்முறையில் எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் மிகுதி. அதனையும் வெட்டியிருப்பின் பாலத்தைக் கடப்பார் மிகச் சிலரே ஆயிருப்பர். புதிய முறையில் பண்புகளுக்கு மேப்ட் என்று வகை குறித்து எழுதுவதும் கட்டாயமன்று. அவ்வாறு எழுதினால், எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்ததை ஓட்டுமுன்னரே வகை சரிபார்க்கும் கருவிகள் காட்டும் என்பது ஊதியம். யாம் நூல் அட்டவணைக்கு மட்டும் அவ்வாறு எழுதியுள்ளோம். இரவல் அட்டவணை இன்னும் பழைய க்வெரி நடையிலேயே நிற்கின்றது. அரையாண்டு விடுமுறையில் அதனைத் தொடுவதாகத் திட்டம்.

கட்டடக்காரரிடமிருந்து நூல்கள் திரும்பி வந்தபின், மூன்று பெட்டிகளையும் மீண்டும் ஏற்றினோம். போஸ்ட்கிரெஸ் என்னும் எம் தரவுத்தளத்திற்கு ஓர் இயல்பு உண்டு: நிரை திரும்பிப் போனாலும், அதற்கு ஒருமுறை வழங்கிய வரிசையெண் திரும்பாது. ஆதலின் பட்டியலில் 3,412-க்குப் பின் 3,599 நிற்கின்றது. ஆசிரியர் அடுத்தமுறை வந்தபோது அவ்விடைவெளியைக் கண்டு, ‘இந்த நூல்கள் எங்கே?’ என்றார். அவையும் அவர் நூல்களே, பின்னே எண் மாறி நிற்கின்றன என்று காட்டினோம்.